கதவுக்குள்ளிருந்து கூப்பிட்டது யார்

அன்பு வாண்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. அங்கே நீ சௌக்கியமா என்று கேட்டுவிட்டு மேலே எழுதுவதுதான் வழக்கம், கேட்கவே பயமாக இருக்கிறது. ஆறு நாளாக நீ அறையை உள்ளே பூட்டிக்கொண்டு கிடக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளியே வந்து ரெண்டு பிஸ்கட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடுகிறாயாம். என் போனையும் எடுப்பதில்லை. அழாத குறையாக, "மாமா, நீங்கதான் பூட்டுக்காரராச்சே, ஒடைக்காம தெறக்க வழி இருந்தா சொல்லுங்க" என்று அவர் கேட்டார், வீடியோவில் அந்தப் பூட்டையும் காட்டினார். ரெண்டு நிமிஷ வேலை, வளைத்த கம்பி ஒன்று போதும். ஆனாலும் வேண்டாம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷமாக ஊரான் வீட்டுப் பூட்டையெல்லாம் திறந்துவிட்டவன் பெற்ற மகள் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறானே என்று அவர் நினைத்திருப்பார். உன்னை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்தப் பூட்டு இல்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். அவர் அச்செடுத்துக் கதவுக்கு அடியில் தள்ளுவார். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் நீ அவரிடம் சொன்னாயாமே, "நான்தான் எங்கம்மாவ கொன்னேன், படிக்கிறவங்க கண்டுபிடிச்சிட்டாங்க" என்று. நீ இரண்டு வாரமாக வேலைக்கும் போகாமல் உன் பேய்க்கதை நாவலைப் பற்றிப் படித்தவர்கள் நெட்டில் எழுதியிருப்பதையெல்லாம் ஒரு நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தாய் என்றும் சொன்னார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம், ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஒரு பக்கம். இங்கேயும் அதே கூத்துதான் நடந்தது, உன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். போன மாதம் நூலகத்து மாடியில் வாசகர் கூட்டத்துக்கு உன் புத்தகத்தைப் பேச எடுத்திருந்தார்கள். நீ புனைபெயரில் எழுதியதால் என் மகள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் நூலகர் அம்மா, "என்ன சார், பீரோ பூட்டு ரிப்பேர்னு யாராவது போன் பண்ணாங்களா" என்று கேட்டார். இல்லைம்மா, கதை கேட்க வந்தேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு டீ கொடுக்கச் சொன்னார்.

முதலில் ஒரு நர்ஸ் எழுந்து, ஒரே மூச்சில் படித்து முடித்தேன், ரெண்டு நாள் குளியலறைக் கதவைச் சாத்தாமல் குளித்தேன் என்றார். எனக்கு அப்படி ஒரு பெருமை, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தேன். அடுத்து நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வேறு யாருக்கோ செய்த கண்ணாடியை என் தலையில் கட்டிவிட்டு இன்றுவரை ஒத்துக்கொள்ளாத மனுஷர், அவருக்கு உன் எழுத்தில் குறை தெரிகிறதாம். ஆறு வயசுக் குழந்தை இப்படியெல்லாம் பேசுமா, எழுதினவங்களே உள்ளே உட்கார்ந்து குரல் கொடுக்கிறாங்க என்றார். அங்கே பிடித்தது சண்டை. குழந்தை சொல்வது அத்தனையும் நிஜம், அம்மா படுத்திருந்த அறையில் ஒன்று இருந்தது, அதுதான் அம்மாவின் குரலில் கூப்பிட்டது, திறக்காததால்தான் அந்தக் குழந்தையாவது பிழைத்தது என்று பாதிப் பேர். எதுவுமே நடக்கவில்லை, அம்மா செத்த துக்கத்தில் குழந்தை கண்ட கனவு என்று நாலைந்து பேர். கடைசியில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். "பேயும் இல்ல, கனவும் இல்ல. கூப்பிட்டது அம்மாதான். ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பா. இந்தப் பொண்ணு தெறக்கல, அவ செத்தா. பெரியவளானதும் பழிய தூக்கிப்போட ஒரு பேய கண்டுபிடிச்சிருக்கா" என்றார். அதற்குக் கை தட்டினார்கள் வாண்டு. நல்ல மனுஷர்கள்தான், என்னிடம் சாவி போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான், அவர்களுக்கு அது கதை. எழுந்து நின்று, குற்றவாளி நான்தான், இதோ இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கு அங்கே சொல்லாததை இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வந்தது காசநோய். சாதாரணமானது இல்லை, மருந்துக்குக் கட்டுப்படாத வகை. குழந்தையை அந்த அறைக்குள் விடவே கூடாது, விட்டால் ரெண்டு பேரையும் பறிகொடுப்பாய் என்று டாக்டர் என்னிடம் கறாராகச் சொன்னார். உன் அத்தை வீட்டில் விட்டுவைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன், நோயின் பேரைக் கேட்டதும் அவர்கள் வீட்டில் இடமில்லாமல் போய்விட்டது. உன்னிடம் நோய் என்று சொல்லவும் முடியாது. ஆறு வயசு, ஓட்டை வாய், பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வாய், மறுநாள் வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் எடுத்துவைப்பார். அறையை வெளியே பூட்டிவிடலாம் என்றால் நான் கடையில் இருக்கும்போது அவளுக்கு இருமல் முற்றினால் வெளியே வர வழி வேண்டாமா. எதிர் போர்ஷன் டைப்பிஸ்ட் அக்கா உன்னைப் பார்த்துக்கொண்டாலும் நீ கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் கதவில் போய் நிற்பாய். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவனுக்கு அந்த ஒரு கதவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் உன்னை மடியில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். நிஜ அம்மா காலையில் முற்றத்து ஜன்னலில் வந்து கை காட்டுவாள். கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அது அம்மா இல்லை, வேற ஒன்று. அது அம்மா குரலிலேயே பேசும், திறந்தால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றேன். நீ அழக்கூட இல்லை. கண்ணை உருட்டிக்கொண்டு, அது எப்படிப்பா இருக்கும் என்று மட்டும் கேட்டாய். நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உன் நாவலில் நாற்பதாம் பக்கத்தில் அதற்கு முழங்கை இல்லாத கை என்று எழுதியிருக்கிறாயே, அது அன்றைக்கு நான் சொன்னது. உனக்கு மறந்திருக்கும், நீயே உண்டாக்கினதாக நினைத்திருப்பாய். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் கடையைத் திறக்கவில்லை.

இப்போது அந்த மத்தியானம். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ரெண்டு நாள் முன்னால். அவள் கண்ணை மூடின பிறகு நீ என்னிடம், அன்னிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டது அம்மாவாப்பா என்று கேட்டாய். யாரும் கூப்பிடவில்லை, நீ கனவு கண்டிருப்பாய் என்றேன். பத்து வயசில் கேட்டாய், கல்யாணத்துக்கு முதல் நாள் கேட்டாய், அதையேதான் சொன்னேன். அது பொய். கூப்பிட்டது அம்மாதான். அந்தக் குமாஸ்தா சொன்னதில் அது மட்டும் சரி. தண்ணீர் கேட்டிருப்பாள் என்றாரே, அது சரியில்லை. தண்ணீர்க் கூஜா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோதும் அதில் பாதி மிச்சம் இருந்தது. அவளே என்னிடம் சொன்னாள். "இன்னிக்கு புள்ளைய கூப்பிட்டுப் பாத்தேங்க. நைசா, கொஞ்சலா, ஊஞ்சல் வாங்கித் தரேன்னு சொல்லிகூட கூப்பிட்டேன். வரல. நீ எங்கம்மா இல்ல, எங்கம்மா ஜன்னல்லதான் வருவா, போன்னு கதவ ஒரு ஒதை விட்டுட்டுப் போயிட்டா. இனிமே எனக்குப் பயமில்ல" என்றாள். எதுக்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். நான் போறதுக்குள்ள தெரிஞ்சுக்க வேணாமா, நான் கூப்பிட்டே வராதவ வேற எப்பவும் உள்ள வரமாட்டா இல்ல என்றாள். உன்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், நீ ஜெயித்திருக்கிறாய்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இனிமேல் உனக்கு அரைகுறையாக எதையும் சொல்லமாட்டேன். அவள் அப்படிச் சொன்னது உண்மையாகவா, இல்லை ஒரு தடவையாவது உன்னைத் தொட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூப்பிட்டுவிட்டு, நான் மனம் உடைந்துபோவேன் என்று அப்படி மாற்றிச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. தலையணை உறை நனைந்திருந்தது. ரெண்டுமே இருந்திருக்கலாம். எதுவானாலும் நீ திறக்காததில் அவளுக்கு வந்த நிம்மதியை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அவளை நீ கொல்லவில்லை வாண்டு. நோய் கொன்றது. உனக்கு வராமல் போனதற்கு நீ திறக்காததுதான் காரணம், அதற்குப் பிறகு உனக்கு மூன்று தடவை பரிசோதனை செய்து மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று வந்தது. உன் கழுத்தில் இத்தனை வருஷம் தொங்கின பழி என்னுடையது. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு கதையைக் கட்டி அம்மாவிடமிருந்து பிரித்தாயே என்று நீ என்னை வெறுப்பாயோ என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பயத்துக்காக உன்னைப் பலி கொடுத்தேன். இப்போது தாராளமாக வெறுத்துக்கொள், போன் போட்டு என்னைக் கிழிகிழியென்று கிழி, எதற்கும் நான் தயார். நீ பேசாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்குப் பாஸ்போர்ட் இல்லை என்று உனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறார்கள், ஆபீஸில் போய் நின்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அதுவரை நீ கொஞ்சம் சாப்பிடு. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் மாப்பிள்ளை வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார், அவரோடு கிளம்பிப் போ, வெட்கப்படாதே, நோயை மறைத்து நாம் பட்டது போதும். அந்த நோட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிடு. அந்த வாசகர்கள் யாரிடமும் நீ எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம்.

நீ பதில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். இன்று காலை மாப்பிள்ளை போனில் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் கதவடியில்தான் உட்கார்ந்திருக்கிறாளாம், வீட்டுப்பாடம்கூட அங்கேதான். ரெண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தாளாம். நேற்று கூப்பிடவில்லை. அப்பாவிடம் போய், "உள்ள இருக்கறது அம்மாதானாப்பா" என்று மெதுவாகக் கேட்டாளாம். அவளுக்கு என்ன சொல்லட்டும் மாமா என்று அவர் என்னைக் கேட்டார். நான் ஒரு தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னவன், அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீதான் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து குரல் கொடுக்காதே கண்ணு, அவள் நம்பமாட்டாள். கதவைத் திறந்து முகத்தைக் காட்டு.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா சார்பிலும் சேர்த்து ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா