வெறும் வயிற்றில் வலி மாத்திரை

சங்ககிரி,
12.8.1983

நாக்பூரில் லாரியோடு ரிட்டன் லோடுக்குக் காத்திருக்கும் என் வீட்டுக்காரர் ராசப்பன் அவர்களுக்குச் சாரதாமணி எழுதுவது. இங்கே அத்தையும் பிள்ளைகளும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சுகம் என்றுதான் சொல்வீர்கள்.

அங்கே நீங்கள் கறுப்பாக வாந்தி எடுத்ததை, லோடு இறக்கிவிட்டுத் தன் லாரியில் திரும்பிய கந்தப்பண்ணன் நேற்று சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினீர்களாம். சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று பட்டினியாக ஓட்டுவீர்களாம். முதுகு வலிக்கு வெறும் டீயில் வலி மாத்திரை போடுவீர்களாம். அப்புறம் வயிற்று எரிச்சலுக்குச் சோடா உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்வீர்களாம். கேட்டதிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஒரு வருடமாக வயிறு எரிகிறது என்று என் சமையலைத்தானே குறை சொன்னீர்கள்? உங்களுக்காக மிளகாயைக் குறைத்தேன். அத்தை, "இது கொழம்பா, கழனித் தண்ணியா சாமி?" என்று என்னைத்தான் திட்டினார்கள். அப்போதாவது இந்த மாத்திரை விஷயத்தைச் சொன்னீர்களா?

இன்று காலை சேலத்தில் டாக்டரைப் பார்த்தேன். வாயிலும் உணவுக் குழாயிலும் அமிலம் சுரப்பதில்லையாம். இரைப்பையில்தான் கடுமையான அமிலம் சுரக்கிறதாம். உள்ளே பசை மாதிரி ஓர் உறை இருப்பதால் அது நம்மை அரிக்காதாம். சிறுகுடலுக்கு இறங்கியதும் வேறு நீர் சேர்ந்து அதன் வேகத்தை அடக்கிவிடுமாம். உங்கள் மாத்திரை அந்த உறையைத்தான் கெடுக்கிறது என்றார். சோடா உப்பு எரிச்சலைக் கொஞ்ச நேரம் தணிக்கும், புண்ணை ஆற்றாது. கறுப்பு வாந்தி என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு லுங்கியில் பட்டாலே ஊரைக் கூட்டுவீர்கள். சொந்த வயிறு மட்டும் இளப்பமாகப் போய்விட்டதா?

தந்தி கொடுத்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன். இந்தக் கடிதத்தோடு கந்தப்பண்ணன் ரயிலில் வருகிறார். வண்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே ஆஸ்பத்திரியில் படுங்கள். டாக்டர் போகலாம் என்று சொன்ன பிறகு ரயிலேறுங்கள்.

பொம்பளை போய் முதலாளி முன்னால் நின்றாளா என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்கு வாருங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
ஆத்திரம் தீராத
சாரதாமணி