மூடுபனியில் நின்ற கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? ஊருக்கு வரவேண்டிய லீவில், நான் வேலை பார்க்கும் நாட்டுக்குப் பக்கத்தில், நிலநடுக்கம் வந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். "இடிஞ்ச வீடுகளைக் கட்டிக்கொடுக்க வெல்டிங் தெரிஞ்ச ஆள் வேணுமாம், வர்றியாடா?" என்று அறைத்தோழன் கேட்டான். யோசிக்கும் முன்பே தலையாட்டிவிட்டேன்.

இங்கே ஒரு வீடு இடிந்து, கதவு மட்டும் மூடுபனியில் மிதப்பதுபோல நிற்கிறது. நான் பக்கவாட்டில் நுழைந்தேன். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், கதவைத் திறந்து, அவர் மொழியில் ஏதோ சொன்னார். "இப்ப உள்ள வாப்பா" என்றுதான் எனக்குக் கேட்டது. அந்தக் கதவை வைத்தே கூரை போடுகிறோம்.

குளிருக்குக் காலுறை அனுப்பு. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். வாய்ஸ் மெசேஜ் போடம்மா. திட்டுவதானாலும் கொஞ்சம் நீளமாகத் திட்டு.

உன் பிள்ளை