சுண்டுவிரல் நீளக் குழல்

மே 29

வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் ஆர்விட்டிடம் சொல்லாமல்தான்.

சமையலறை மேசைமேல் இருக்கிறது. பாயிண்ட் நாற்பத்து நாலு ரிவால்வர், ஐந்து தோட்டா. குழல் என் சுண்டுவிரல் நீளம், அவ்வளவுதான். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. தோட்டா மட்டும் மோதிரவிரல் தடிமன்.

கடைக்காரர் டெல்பர்ட் சொன்னது சரியாகத்தான் பட்டது. “நீளத் துப்பாக்கிய ரெண்டு நாள் சுமப்பீங்க, வெர்னா. மூணாம் நாள் கூடாரத்துல வெச்சிட்டுப் போயிடுவீங்க. கரடி அந்த மூணாம் நாள்தான் வரும். இது மார்லயே கெடக்கும், இருக்கறதே தெரியாது.”

ஆர்விட் படகிலிருந்து வந்ததும் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “இது கரடிய அடிக்கறதுக்கு முன்னாடி உன்னை அடிக்கும். லேசா இருக்குன்னுதானே வாங்கின? அந்த லேசுதான் வம்பே.”

“தெரியும்” என்றேன்.

ஒன்றும் தெரியாது. போன செப்டம்பரில், மீன் எண்ண ஆற்றின் குறுக்கே கட்டியிருக்கும் வேலிக்குப் போகும் பாதையில் ஒரு கரடி பாய்ந்து வந்து, பத்தடி முன்னால் சட்டென்று நின்றது. அதன் மூச்சு என் முகத்தில் பட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். பதினோரு கோடையாக அந்த ஆற்றில் சால்மன் எண்ணுகிறேன். பயந்துபோய் வேலையை விட்டாள் என்று கோடியாக் தீவு முழுக்கப் பேசவா?

ஜூன் 4

சுட்டுப் பழக, சரளை தோண்டிய குழிக்குத் தனியாகப் போனேன். சாதாரணத் தோட்டாதான் போட்டேன். காதை அடைத்திருந்தும் மண்டைக்குள் இடி விழுந்தது. குழல் வாயிலிருந்து கையகலத்துக்குத் தீ. கைப்பிடி உள்ளங்கையில் சுத்தியலால் அடித்த மாதிரி இறங்கியது.

பத்துத் தப்படி தூரத்தில் காகிதத் தட்டு வைத்திருந்தேன். ஐந்தில் ஒன்று பட்டது.

உண்மையை எழுதிவிடுகிறேன், இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள்? இரண்டாவது குண்டிலிருந்து, சுடுவதற்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

கரடிக்கென்றே தனியாக விற்கிற கனத்த தோட்டா ஒரு பெட்டி வாங்கியிருந்தேன். அதைப் பிரிக்கவே இல்லை.

ஜூன் 5

கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. கார் கதவு இடுக்கிவிட்டது என்று ஆர்விட்டிடம் சொன்னேன்.

ஜூன் 13

மிதவை விமானம் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. இனி ஆகஸ்ட் கடைசிவரை நானும், கூட மீன் எண்ண வந்த பெலகேயாவும்தான். இந்தத் தீவிலேயே பிறந்தவள். போன கோடையில் வேறு ஆற்றில் இருந்தாள். எனக்கு நேர்ந்தது அவளுக்குக் காதுவழிச் செய்திதான்.

என் மார்ப்பட்டையைப் பார்த்துச் சிரித்தாள். “என்னடி இது, குழந்தையத் தூளி கட்டித் தூக்கிட்டு வந்த மாதிரி? சுட்டுப் பழகினியா?”

“நல்லாவே.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

வேலிக் கம்பிகளில் அடைந்திருந்த குப்பையை இடுப்பளவு தண்ணீரில் குனிந்து குனிந்து எடுத்தோம். ரிவால்வர் தட்டவில்லை, இடிக்கவில்லை. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக, இன்று ஒருமணி நேரம் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்தேன். இதற்காகத்தானே வாங்கினேன்!

ஜூன் 24

மீன் 1,140. கரடி மூன்று, எதிர்க்கரையில். ஒன்று ஏறிட்டுப் பார்த்தது. இப்போது போட்டிருப்பது கனத்த தோட்டா. ஒன்றையாவது சுட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு.

ஜூலை 1

சுடவில்லை. கை வலி இப்போதுதான் விட்டிருக்கிறது.

ஜூலை 2

 எழுதினால் மனசு அடங்குமோ என்னமோ.

காலையில் கரையில் குனிந்து வலை அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் புதர் சடசடவென்று முறிந்தது. திரும்பினேன். ரிவால்வர் எப்போது கைக்கு வந்தது என்றே தெரியாது. பழுப்பாக ஏதோ அசைந்தது. விரல் விசையில். அழுத்திட்டேன் — ஆமா, அழுத்திட்டேன், பாதிவரைக்கும் வந்துட்டுது. விசை கனம். அந்தக் கனம்தான்.

பெலகேயா. பழுப்பு மேல்சட்டை. கையில் பழ வாளி.

“வெர்னா. கீழ இறக்கு.”

இறக்கினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்குப் போய்விட்டாள்.  கொன்னிருப்பேனே. அவளைக் கொன்னிருப்பேனே.

ஜூலை 3

தேநீர் கொதிக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செப்டம்பர் கரடி, மூடின கண், சுட்டே பார்க்காத கனத்த தோட்டா. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இப்ப சுடு. என் கண்ணு முன்னாடி. அந்தக் கனத்த தோட்டாவையே சுடு.”

மணல்திட்டுக்குப் போனோம். முதல் குண்டு: கை தலைக்கு மேலே போயிற்று. இரண்டாவது: கண்ணில் நீர். மூன்றாவதற்கு விசையை இழுத்தால் அசையவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். மாட்டிக்கொண்டது.

பெலகேயா வாங்கிக் குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்து, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் உருளையின் முன்பக்கத்தைக் காட்டினாள். சுடாத தோட்டா ஒன்றின் ஈயமுனை பித்தளையிலிருந்து நழுவி வெளியே நீட்டிக்கொண்டு, உருளையைச் சுழலவிடாமல் முட்டி நின்றது.

“துப்பாக்கி லேசு, மருந்து பலம். அது பின்னால எகிற எகிற மத்த குண்டெல்லாம் முன்னால நழுவுது. எங்க மாமாகிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு, ஆத்துல வீசிட்டாரு. தாயே, நீ அஞ்சு குண்ட நம்பிட்டு இருந்த. உன்கிட்ட இருந்தது ரெண்டுதான்.”

மூன்று வாரம் இதை நம்பித்தானே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்?

“தூக்கிப் போட்டுடவா?”

“அது உன் பாடு. ஆனா இனிமே வெளிய போனா நீ முன்னால நட. நான் பின்னால வரேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 8

சாமான் விமானத்தில் மருந்து குறைந்த தோட்டா வரவழைத்தோம். தினமும் ஐந்து. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. விரல் விசைக்கு வெளியே. சுடுகிற நொடிதான் உள்ளே. பெலகேயா பக்கத்தில் நின்று நச்சரிக்கிறாள். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடது இடுப்பில்.

ஜூலை 19

உருளை ஒருமுறைகூட மாட்டவில்லை. ஏழு தப்படி தூரத்தில் ஐந்தில் நாலு. பதினைந்து தப்படியில் ஐந்தில் ஒன்று. எவ்வளவு பழகினாலும் அது ஏறவில்லை. ஒரு விரல் நீளக் குழலை வைத்துக்கொண்டு எதைக் குறி பார்ப்பது?

ஜூலை 26

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெலகேயா வேலியின் நடுவில், நடைபலகைமேல் குனிந்திருந்தாள். நான் கரையில் எண்ணிக்கைப் பலகையோடு நின்றேன். பெரிய ஆண் கரடி ஒன்று புல்லிலிருந்து வந்து நேராக நடைபலகையில் ஏறியது. எனக்கும் கரடிக்கும் இருபது தப்படி. கரடிக்கும் அவளுக்கும் அதற்கும் குறைவு. தெளிப்பானை எடுத்தேன். காற்று என் முகத்தில் அடித்தது; தெளித்திருந்தால் என் கண்தான் போயிருக்கும்.

ரிவால்வரை எடுத்தேன். கரடிக்கு நேர் பின்னால் அவள் முகம்.

இருபது தப்படியில் என் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்த்திருக்கிறேனே. குழலைப் பக்கவாட்டில் திருப்பி, ஆளில்லாத மண்கரையில் சுட்டேன். இடிபோல வெடித்தது. மண் சிதறியது, தீ பறந்தது. கரடி துள்ளித் தண்ணீரில் விழுந்து, எதிர்க்கரை ஏறித் திரும்பிப் பாராமல் ஓடியது.

விரலை வெளியே எடுத்தேன். அதன் பிறகுதான் கரையில் உட்கார்ந்தேன்.

பெலகேயா பலகையில் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீ தூக்கினப்ப கரடிய நான் பார்க்கவே இல்ல. உன் கையத்தான் பார்த்தேன்” என்றாள்.

ஜூலை 27

மீன் 3,906. கரடி இல்லை.

பயம் போகவில்லை. இலை அசைந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

மாலை ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பினோம். அவள் அன்று மணல்திட்டில் சொன்னபடியே நான்தான் முன்னால் காலெடுத்து வைத்தேன்.  பெலகேயா வாளியை எடுத்துக்கொண்டு, அந்தப் பழுப்புச் சட்டையோடு, என்னைத் தாண்டி முன்னால் நடந்தாள்.