குழாயடியில் ஓர் இடம்

6 பெப்ரவரி 1994

நான் வேலை செய்யும் சூலூர் விசைத்தறிக் கூடத்துக்கு இன்று விடுமுறை. மனைவி தவமலருக்குக் குடம் தூக்க எங்கள் அகதி முகாமுக்கு வெளியே உள்ள ஊர்க் குழாயடிக்குப் போனேன். எங்களைக் கண்டதும் கனகம் என்கிற பெண் வரிசையையே விலக்கிவிட்டாள். "அகதிங்க, பாவம். நீங்க மொதல்ல புடிச்சுக்குங்க அம்மணி."

யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வரலாறு படிப்பித்தேன். அங்கே எனக்கு ஒருவரும் வழிவிட்டதில்லை. எனக்கு மகிழ்ச்சிதான். தவமலரின் முகம்தான் கறுத்துப்போயிருந்தது.

9 பெப்ரவரி

ஊருக்குத் திரும்புகிறவர்களை ஏற்றிப்போக ஒரு கப்பல் வருகிறதாம். பெயர் கொடுக்கச் சொல்கிறாள் தவமலர். அங்கே குண்டு விழுகிறது என்றேன்.

"விழட்டும். அங்க என்னோட சண்டை பிடிக்கவாவது ஆக்கள் இருக்கினம். இங்க எல்லாரும் பாவம் பாக்கினம். நாலு வருஷமாப் பாவமா இருந்து களைச்சுப் போனன்."

பெயர் கொடுக்க அடுத்த மாதம்வரை நேரம் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன்.

14 பெப்ரவரி

குழாயடிச் சண்டைகளில் இந்த ஊருக்கே தலைவி மாரியாத்தாள். அவளைத் தனியே பார்த்து, என் மனைவியோடு ஒரு தடவை சண்டை போட முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க வாத்தியாரே, கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்களா? விருந்தாளிங்களோட எப்படீங்க சண்டை போடறது?"

அப்படியானால் கப்பல்தானா?

20 பெப்ரவரி

தறி. தூசி. தவமலர் மறுபடியும் கப்பலைப் பற்றிக் கேட்டாள்.

2 மார்ச்

ஒரு வாரமாகத் தண்ணீர் சரியாக வரவில்லை. இன்று மாரியாத்தாள் பிந்தி வந்து, வழக்கம்போல் தன் குடத்தை வரிசையின் தலையில் செருகியிருக்கிறாள். தவமலர் அதைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டாள்! சத்தம் கேட்டு ஓடினேன்.

"ஏண்டி, எங்கூர்த் தண்ணியக் குடிச்சுப்போட்டு எனக்கே வரிசை சொல்லித்தர்றியா?"

"பிந்தி வந்தனி, பின்னுக்கு நில்லடி!"

எங்கள் சில்வர் குடம் நசுங்கிவிட்டது. தவமலரின் கொண்டை அவிழ்ந்திருந்தது. கல்யாணத்தன்றுகூட இவள் முகத்தில் இத்தனை ஒளி இருந்ததில்லை.

மாலையில் மாரியாத்தாள் வந்தாள். "நீங்க கேட்டதுக்காக இல்லீங்க வாத்தியாரே. நெசமாவே கோவமுங்க."

எனக்கு மட்டும் இன்னும் அதே மரியாதை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

10 மார்ச்

பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள். பேனாவை எடுத்துக்கொண்டு, "எழுதட்டா?" என்றேன்.

தவமலர் நசுங்கிய குடத்தைப் புளிபோட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உங்களுக்கென்ன, விசர் பிடிச்சிட்டுதே? நான் கப்பல் ஏறினா, அடுத்த நாளே அவள் மாரியாத்தாள் என்ர இடத்தைப் பிடிச்சுப்போடுவாள்."