அத்தான் நோன்பிருக்கிறாராம், அக்கா

என் ரெஜினாக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் தவக்காலம் உண்டா, தெரியவில்லை. இங்கே கோலா சிலாங்கூரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாதா கோயிலில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்திவிட்டார்கள். உன் மகள் அனிதா கல்லூரிப் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறாள். சொல்ல வந்தது வேறு.

உன் வீட்டுக்காரர் திரும்பி வந்திருக்கிறார்.

சாம்பல் புதன் பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சாம்பலோடு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நீ டயாலிசிஸ் ஊசிகளோடு கிடந்தபோது வேறொருத்தியோடு ஜொகூருக்கு லோரி ஏறிப் போன மனுஷன். உன் அடக்கத்துக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். நான் திரும்பக் கும்பிடவில்லை.

அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதைக்கு வந்தார். முடிந்ததும் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து கஞ்சி குடிப்போமே, அதைத் தொடவே மாட்டார். "ஒருசந்தி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சீனி போடாத காப்பியோடு ஒதுங்கி நிற்பார். உடம்பு பாதியாகியிருந்தது. "நோன்பு மனுஷன எப்பிடி மாத்திருச்சி பாத்தியா, செலின்?" என்று பாட்டுக் குழு மேரியக்கா என்னிடமே வந்து உருகினார்.

வரப்போகும் பெரிய வியாழனில் பாதம் கழுவும் சடங்குக்கு ஃபாதர் முன்கூட்டியே அவரைக் கூப்பிட்டார். "எனக்குத் தகுதி இல்ல, ஃபாதர்" என்று மறுத்துவிட்டார். என்ன தாழ்ச்சி என்றார்கள். எனக்கு மட்டும் நெருடியது. மண்டியிட வேண்டிய நேரத்திலெல்லாம் அவர் உட்கார்ந்தே இருந்தார். அனிதா பக்கம் திரும்பும்போது மட்டும் கண் கலங்கும். இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறார்? உன் பெண்ணிடம் என்ன வேண்டும்?

நானும் நோன்புதான் இருந்தேன், அக்கா. ஆனால் பூசையில் பாதி நேரம் என் கண் கடைசி பெஞ்சில்தான். பரலோக மந்திரத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். போகப்போக என் பக்தி மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் யாருக்காக வயிற்றைக் காயப்போடுகிறேன்? அவரைவிட நான் யோக்கியம் என்று ஆண்டவருக்குக் காட்டவா?

போன வெள்ளிக்கிழமை காலை, மீன் வாங்க பாசிர் பெனம்பாங் போனேன். ஆற்றோரக் காப்பிக் கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம். சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வலது காலில் பெரிய கட்டு. நேரே போய் எதிரில் நின்றேன்.

"நல்லா இருக்கு உங்க ஒருசந்தி."

அவர் பதறவில்லை. ஊசியை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"சீனி வியாதி. பட்டினி கெடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மொத வாரம் சும்மா ஒருசந்தின்னு சொன்னேன், கோயில்ல எல்லாரும் பெருமையா பேசுனாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"பாதம் கழுவ வரமாட்டேன்னதும் இதுக்குத்தானா?"

"புண்ணு ஆறவே மாட்டேங்குது. நாத்தம் வேற. அத எப்பிடி ஃபாதர்கிட்ட நீட்டுறது?"

"எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

பொட்டலத்தை மடித்து ஓரமாகத் தள்ளினார். "அவளும் விட்டுட்டுப் போயிட்டா. தனியா கெடந்து செத்துருவேனோன்னு பயம். அனிதா பாத்துக்குவான்னுதான் வந்தேன்."

"சாமிக்காக வரல?"

"மொதல்ல இல்ல."

"இப்ப?"

"தெரியல லா, செலின்."

என் சந்தேகம் அப்படியே பலித்துவிட்டது. மீன்கூட வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். அனிதாவிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் புத்தகத்திலிருந்து நிதானமாகத் தலையைத் தூக்கினாள்.

"தெரியும், சித்தி. வந்த வாரமே என்கிட்ட சொல்லிட்டாரு. லைப்ரரி போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, அவரக் கிளினிக்குக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"அதெல்லாம் தெரியல. கிளினிக் வரைக்கும் வருவேன், வீட்டுல வச்சிப் பாத்துக்க முடியாது, எனக்குப் படிப்பு இருக்குன்னு சொல்லிட்டேன். சரின்னாரு." புத்தகத்தை மூடி வைத்தாள். "நீங்கதான் சோத்த விட்டுட்டு நாள் பூரா அப்பாவயே மென்னுக்கிட்டு இருக்கீங்க. பாக்கவே பயமா இருக்கு, சித்தி."

அன்று முழுக்க தையல் மெஷினில் உட்கார்ந்தும் ஒரு துணிகூட ஓடவில்லை.

கடைசி நாட்களில் "அவரு வந்தா சண்ட போடாத" என்று நீ சொன்னாய். அவர் எங்கே வரப்போகிறார் என்ற தைரியத்தில் நான் தலையாட்டினேன். நீ மன்னித்துத்தான் அப்படிச் சொன்னாயா? இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாயா?

நேற்று அனிதாவுக்குப் பரீட்சை. அதனால் நானே அவரைக் காரில் தஞ்சோங் காராங் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வாய்க்காலையும் வயலையும் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டைப் பிரிக்கும்போது பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். வலி தாங்காமல் என் பக்கம் கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் இவருக்குச் சொந்தமா?" என்று தாதி மலாயில் கேட்டார்.

"என் அக்கா புருஷன்" என்றேன்.

உன் வீட்டுக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகையையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன், அக்கா. ஆனால் எழுந்து வெளியே போகவில்லை.

அடுத்த முறையும் நானே கூட்டிப் போவேன். அவர் நோய் உன் மகளின் படிப்பைத் தின்ன விடமாட்டேன். மன்னிப்பு வருமா வராதா, எனக்கே தெரியவில்லை. வராமலே வந்துவிட்டதாக உன்னிடம் நடிக்க மாட்டேன். ஒருநாள் அதுவாக வந்து நின்றால், வீம்புக்காகத் துரத்தவும் மாட்டேன். இந்த ஒரு வாக்கைத்தான் இப்போது என்னால் தர முடிகிறது.

உன் கூடப்பிறந்தவள்,
அனிதாவின் சித்தி,
செலின்