ஒற்றைக் கைப்பிடிப் பெட்டி

கோல்ன், லங்காஷயர்
அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹேசலுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி மெரியலும் உலகத்தோட அந்தக் கோடியில, டனீடின்ல நோய்நொடி இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன். எனக்கு இங்கே முழங்காலைத் தவிர மத்ததெல்லாம் ஓடுது. பத்து நாளா மழை விடலை, சமையலறை ஜன்னல் ஓரம் மறுபடி ஒழுக ஆரம்பிச்சிருக்கு, கீழே ஒரு சட்டி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் நீ போன் பண்றப்போ எல்லாம் சில விஷயம் சொல்லணும்னு வாயெடுப்பேன். பின்னாடி குழந்தை அழற சத்தம் கேட்கும், உங்களுக்கு அங்கே ராச்சாப்பாட்டு நேரம், சரி போகட்டும்னு விட்டுடுவேன். போன்ல சொல்ல வராதது பேனா பிடிச்சா வருமான்னு பார்க்கிறேன்.

முதல்ல நல்ல சேதி. என் பேஸ் கிட்டாருக்குப் புது ஸ்பீக்கர் பெட்டி வாங்கிட்டேன். பழசு உனக்குத் தெரியும், நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ அதுமேலே ஏறி உட்கார்ந்து பால் குடிப்பே. ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஒருத்தரால அசைக்க முடியாது. இருபத்தாறு வருஷம் ஒரு கைப்பிடி எனக்கு, ஒரு கைப்பிடி உன் அம்மாவுக்கு. எங்க குழு வாசிக்கிற பாட்டு ஒண்ணுகூட அவளுக்குப் பிடிக்காது, தெரியுமில்ல. பெட்டியைக் கொண்டுவந்து வெச்சதும் நாங்க வாசிக்கிற பப்போட பின்சுவருக்குப் போவா, ஊசியம்பு எறியற பலகை பக்கத்துல நின்னு எங்க முதல் பாட்டை மட்டும் கேட்பா. சத்தம் ஜாஸ்தின்னா உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுவா, சரியா இருந்தா தலையை ஆட்டிட்டு நேரா கார்ல போய் உட்கார்ந்து குறுக்கெழுத்து போடுவா. பேஸ் கிட்டாரோட தடிச்ச சத்தம் வாசிக்கிறவன் காலடியில முழுசாக் கேட்காது, பத்துப் பதினைஞ்சு அடி தள்ளிப் போனாத்தான் திரண்டு எழும்பும். அதனால எவ்வளவு சத்தமா வாசிக்கிறோம்னு கடைசியாத் தெரிஞ்சுக்கிறது வாசிக்கிறவன்தான். உன் அம்மா கை சொல்றதைத்தான் நான் நம்பியிருந்தேன். அவ கண்ணை மூடின பிறகு அந்தக் கைப்பிடியை டிரம் வாசிக்கிற நெவ் பிடிச்சான். பின்சுவர்ல போய் நிக்க ஆள் வேணும்கறது அவனுக்கும் தோணலை, எனக்கும் தோணலை.

ஆகஸ்டுல நெவ்வுக்குக் குடலிறக்கம்னு டாக்டர் சொல்லிட்டார், இனி கனம் தூக்கக் கூடாதாம். அதான் பிரெஸ்டன் போய் வாத்தியக் கடையில அரை நாள் இருந்தேன். இப்பல்லாம் ஒத்தைக் கைப்பிடி வெச்சு, ஒரே கையால தூக்கற மாதிரி செய்யறாங்க, என்ன மரமோ என்ன காந்தமோ. கடைக்காரம்மா ஒவ்வொண்ணா வயரைச் சொருகி வாசிச்சுப் பாருங்கன்னு தர்றா, நான் ஒவ்வொண்ணாத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்துட்டு வர்றேன். ஐயா, இங்கே வர்றவங்க எல்லாம் காதால பார்ப்பாங்க, நீங்க உருளைக்கிழங்கு மூட்டை வாங்கற மாதிரி எடை பார்க்கறீங்களேன்னு சிரிச்சா. சத்தத்தைத் திருகிச் சரிபண்ணிக்கலாம்மா, படிக்கட்டைத் திருக முடியாதேன்னு சொன்னேன். இருக்கறதுலேயே லேசானதை எடுத்துட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கார்லேர்ந்து அதை ஒரு கையில இறக்கினப்போ இன்னொரு கை சும்மா தொங்கிச்சு. அதை என்ன செய்யறதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் கார்கிட்டேயே நின்னேன்.

போன மாசக் கடைசி ஞாயிறு மத்தியானம் பேக்ஹார்ஸ் பப்புல அந்தப் பெட்டியை முதல் தடவையா வெச்சு வாசிச்சேன். ரோஸ்ட் கறி சாப்பிட்ட கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் நின்ன இடத்துல சத்தம் சோகை பிடிச்சுக் கேட்டுது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஏத்திக்கிட்டே போனேன். இடைவேளையில பியர் வாங்கப் போனா, பப் நடத்தற டில்லி குனிஞ்சு தரையிலேர்ந்து கண்ணாடிச் சில்லு பொறுக்கிட்டு இருக்கா. கிளிஃப் அண்ணே, தப்பா நினைக்காதீங்க, சின்னப் பெட்டி வாங்கிட்டாருன்னு கேள்விப்பட்டு இனிமேலாவது தம்ளரெல்லாம் அலமாரியில நிக்கும்னு சந்தோஷப்பட்டேன், இது பழசைவிட இடிக்குதேன்னா. எனக்குப் புரியலை. என்னிக்கிலேர்ந்து இப்படின்னு கேட்டேன். அவ முகம் மாறிப்போச்சு. உங்க வீட்டம்மா போனதிலேர்ந்துதான் அண்ணே, ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, லொரைன்தான் பாவம் மனுஷன் நொந்து போயிருக்காரு யாரும் எதுவும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்கன்னு சொன்னா. லொரைன் எங்க பாடகி, உனக்குத் தெரியும், கல்யாணத்துல உனக்குத் தலைவாரி விட்டவ.

அப்புறம் ஒவ்வொண்ணா வெளியே வந்தது. ரோலண்ட் காதுக்குள்ள பஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் கிட்டார் வாசிக்கிறானாம், எனக்குத் தெரியாம முடியை வளர்த்து மறைச்சிருக்கான். இங்கே பக்கத்து ஊர் நெல்சன்ல ரெண்டு பப்புல எங்களைக் கூப்பிடறதை நிறுத்தினதுக்குக் காரணம் நான்தான். பாட்டுக் கச்சேரியே நிறுத்திட்டாங்கன்னு எங்கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க, நானும் அடடா காலம் கெட்டுப் போச்சேன்னு அந்தப் பப்புக்காரங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். மீதிப் பாட்டுக்குச் சத்தத்தை மொத்தமா இறக்கிட்டு விரலை மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னேன். முடிஞ்சதும், இதோட நான் நின்னுக்கறேன், வேற ஆள் பார்த்துக்கங்கன்னு சொன்னேன். உண்மையைச் சொல்லட்டுமா, உடனே யாராவது வேண்டாம்னு சொல்வாங்கன்னு நினைச்சுத்தான் சொன்னேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அந்த ஒரு நிமிஷம் இருக்கே, உன் அம்மாவைப் புதைச்சுட்டு வீட்டுக்கு வந்தப்போகூட எனக்கு அப்படி இல்லை. பிறகு லொரைன் அழ ஆரம்பிச்சா. நெவ், டேய் கிழவா, லூசு மாதிரி பேசாதேன்னான். யோசிச்சு வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன்னு பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

லொரைன் கார் வரைக்கும் கூடவே வந்தா. வந்தவ இன்னொண்ணையும் சொன்னா. பிப்ரவரியிலயே உனக்கு எழுதினாளாம், நீ மெதுவா அப்பாகிட்ட எடுத்துச் சொல்லும்மான்னு. நீ சொல்லலை. மூணு நாள் எனக்கு உன்மேல அப்படி ஒரு கோபம், அந்தத் திங்கட்கிழமை நீ அதிசயமா போன் பண்ணப்போ நான் சரியாப் பேசாததுக்கு அதுதான் காரணம், நெட்வொர்க் கோளாறு இல்லை. எட்டு மாசமா வாராவாரம் பேசறா, பெத்த பொண்ணு, அவளும் என்னை ஊர்ப் பைத்தியம் மாதிரி நடத்தியிருக்காளேன்னு மனசு ஆறலை. நாலாம் நாள் அடுப்படியில நின்னுக்கிட்டே ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன். முந்தின ஞாயிறு உங்கிட்ட ஆட்டுக்கறி குழம்பு வெச்சேன், ரெண்டு நாளைக்கு வந்ததுன்னு அளந்து விட்டது ஞாபகம் வந்தது. குழம்பும் இல்லை, கறியும் இல்லை, ஹேசல். அம்மா போனதிலேர்ந்து நான் மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. நீ எனக்கு மறைச்சே, நான் உனக்கு மறைச்சேன், கணக்கு நேராப் போச்சு. நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே, லொரைன்கிட்டயும் எதுவும் கேட்காதே.

புதன்கிழமை நெவ்வுக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொன்னேன். ரோஷப்பட்டு நிறுத்தியிருந்தா எங்க போயிருப்பேன், சொல்லு. நான் வேலை பார்த்த பஸ் டெப்போ ஆட்கள்ல பாதிப் பேர் உயிரோட இல்லை, மீதிப் பேர் பிள்ளைங்க வீட்டோட போயிட்டாங்க. வாரத்துல என்னைத் தேடிக் கூப்பிட்டுப் பேசறது அந்த மூணு பேரும் நீயும்தான். ரோலண்ட் நாற்பதடி வயர் ஒண்ணு கொண்டுவந்து என் கையில குடுத்து, இந்தா, எங்களை நம்ப வேண்டாம், நீயே போய்க் கேளுன்னான். முந்தாநாள் மத்தியானம் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசிச்சபடியே பின்சுவர் வரைக்கும் நடந்தேன். சரியாத்தான் வெச்சிருக்கேன்னு நினைச்ச சத்தம் அங்கே வயித்துல வந்து குத்துது. இறக்கினேன், திரும்ப நடந்தேன், மறுபடி இறக்கினேன். நாலு நடை. கடைசியில அங்கே அழகா வந்தது, நெவ்வோட தாளத்தோட ஒட்டிக்கிட்டு, பாட்டைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி. ஆனா அந்த அளவுல வெச்சுட்டு என் இடத்துக்கு வந்து நின்னா, நான் வாசிக்கிறது எனக்கே கேட்கலை. சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான் வாசிச்சேன். விரல் மேல நம்பிக்கை வெச்சு வாசிக்க வேண்டியதுதான். டில்லி ஒரு தம்ளரும் விழலைன்னு காசு வாங்காம பியர் ஊத்திக் குடுத்தா.

வாசிச்சு முடிச்சதும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க, அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கே. நான் பெட்டியை வெச்சுட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிச்சு, ரெண்டு நாளா எழுதறேன். எனக்காக டிக்கெட் போட்டுக்கிட்டு ஓடி வந்துடாதே, குழந்தையை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் வேண்டாம், அங்கே இப்பதான் குளிர் விடுது, மெரியலுக்குக் காதுல சளி கட்டாம பார்த்துக்கோ, மாப்பிள்ளையை மாடி ஏணியில ஏற விடாதே. நீங்க மூணு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும், அவ உன்னை மாதிரியே பிடிவாதக்காரியா வளரணும். என்னை எப்படிப்பா இருக்கேன்னு கேட்டா இனிமே உள்ளதைச் சொல்றேன், கேட்க நல்லா இருக்காது, பரவாயில்லைன்னு கேட்டுக்கோ. உன் போனை வெச்சப்புறம் மத்தியானம் மூணு மணிக்குப் பப்புல பேச்சுச் சத்தம், அதுக்கப்புறம் ஆறு நாள் எனக்கு ஒரு மனுஷக் குரலும் கிடையாது. அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன் கண்ணு, குழந்தை அழுதா அழட்டும், வர்ற ஞாயித்துக்கிழமை போனைச் சீக்கிரம் வெச்சுடாதே.

உன் அன்பு அப்பா,
கிளிஃபர்ட்