நோம்பிக்கு ஆகாதவள்

நள வருஷம், புரட்டாசி 28
வடகரப்பதி முழுக்கத் தமுக்கடித்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் பிளேக்காம். எலி செத்து விழுந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, காட்டுக்குப் போய்விட வேண்டும். தீபாவளி நோம்பிக்கு வெளியூர் ஆட்களை அழைக்க வேண்டாம், அவரவர் வீட்டோடு இருக்க வேண்டும்.

என் அண்ணன் பொங்கியண்ணன் காதில் வாங்கிக்கொண்டு உடனே வெல்லம் வாங்க ஆள் அனுப்பினான். "எம்பட மாப்பிள்ளைக்குத் தலைத் தீவாளி. தமுக்கடிக்கறவனா வந்து சீர் செய்வான்?" அண்ணன் மகள் தெய்வாத்தாளுக்கு வைகாசியில்தான் கல்யாணம்.

ஐப்பசி 2
நான் படுக்கிற குதிர் அறையில், பாயோரம் எலி செத்துக் கிடந்தது. குதிருக்கு அடியில் இன்னொன்று. அண்ணன் துணியில் சுற்றிக் குப்பைக் குழியில் புதைத்தான்.

"பூனை கொன்னுருக்கும். வெளிய மூச்சு உடாத."

பூனை கொன்றால் தின்றிருக்காதா? கேட்டேன். நங்கை, அதுதான் அண்ணன் பெண்டாட்டி, எலியை நானே கொண்டுவந்து போட்ட மாதிரி பார்த்தாள்.

ஐப்பசி 3
இன்றைக்கு ஒன்றும் விழவில்லை. அண்ணனுக்கு ஒரே பெருமை.

ஐப்பசி 5
மறுபடி எலி. எல்லோரும் தோட்டத்துச் சாளைக் குடிசைக்குப் போய்விடலாம், மாப்பிள்ளையை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம் என்றேன்.

"தாலியறுத்தவளுக்கு அடுத்தவ நோம்பி பொறுக்குமா?" என்றாள் நங்கை.

ராத்திரிக்குள் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். சாளைக்கு நான் மட்டும் போக வேண்டுமாம். பிளேக்குக்காக இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க எழுந்திருக்கிற மாப்பிள்ளை என் முகத்தில் முழிக்கக் கூடாதாம்! என் அறையைச் சாணி மெழுகிப் புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒதுக்குகிறார்கள். எலி விழுந்த அதே அறை. அடப்பாவிகளா.

ஐப்பசி 8
இன்று மாப்பிள்ளையும் தெய்வாத்தாளும் வருகிற நாள். கோபாலபுரத்திலிருந்து வருகிற வண்டித்தடம் சாளையை ஒட்டித்தான் போகிறது. தடத்து நடுவில் போய் நின்றேன். வேறு என்ன செய்ய?

"போகாதீங்க மாப்பிள்ளை, ஊட்டுல எலி விழுந்திருக்குதுங்க" என்று கத்தினேன். மாப்பிள்ளை அர்த்தநாரி நல்ல பையன்தான். ஆனால் நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வெள்ளைச் சேலைதான் தெரிந்தது. முகம் சுண்டிவிட்டது. வேறு தடத்தில் திருப்பச் சொன்னார்.

தெய்வாத்தாள் இறங்கி ஓடிவந்தாள். "எதுக்கால வந்து நிக்கலாமுங்களா அத்தை? அவுங்களுக்குச் சங்கடமா இருக்குதுங்க."

"எலி விழுந்திருக்குது கண்ணு."

"நீங்க இப்படி ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு அம்மா முன்னாலயே சொல்லி உட்டாங்க."

என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. நெற்றியில் பொட்டு வைத்தவள் ஒருத்தி வந்து இதையே சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா, மாட்டார்களா? கேட்டிருப்பார்கள்.

ஐப்பசி 10
ஊருக்குள் வெடிச் சத்தம். பண்ணையாள் ஆறுச்சாமி பலகாரம் கொண்டுவந்தான். நாய்க்குப் போட்டேன்.

ஐப்பசி 14
மாப்பிள்ளைக்குக் காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதாம். இப்போது ஓலை வெட்டி, தோட்டத்துக்கு அந்தக் கோடியில் குடிசை போட்டுக்கொண்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் தமுக்கடிக்கவில்லை. நான் தடத்தில் நின்றதால்தான் இப்படி ஆச்சு என்று நங்கை சொல்கிறாளாம். ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

பிள்ளை பிழைக்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

ஐப்பசி 16
போய்விட்டார்.

என்னத்தை எழுத.

கார்த்திகை 21
ஓடு பிரித்து வெயில் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் அண்ணன் தெய்வாத்தாளைக் கூட்டிக்கொண்டு சாளை வாசலில் வந்து நின்றான். அவள் உடம்பில் வெள்ளைச் சேலை. பதினாறு வயசு.

"கார்த்திகை தீபம் வருது. ஊட்டுல வெளக்கு வெக்கோணும். இவ உங்கூட இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்குங்கண்ணா?"

சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே, "நோம்பி முடியட்டும்" என்றான்.

தீபம் போனால் தை நோம்பி. அதற்கப்புறம் மாரியம்மன் நோம்பி. எனக்கா தெரியாது?

கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நோம்பி முடிஞ்சதும் அப்பன் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்கல்லங்க அத்தை?" என்று கேட்டாள்.

"வருவாங்க கண்ணு" என்றேன்.

ஆறுச்சாமியிடம் இன்னொரு பாய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.